முதல் டேக்

அத்தியாயம் – 14

திரையில் அப்பா வாயை மூடிய விதத்தைப் பார்த்ததும் பல் டாக்டர் இருக்கையின் நுனிக்கு வந்தாள்.

பெரிய காட்சி ஒன்றும் இல்லை. கட்டிலில் ஒரு கிழவராக அப்பா கிடக்கிறார். மகன் ஸ்பூனில் தண்ணீர் கொண்டு வருகிறான். கிழவர் வேண்டாம் என்று உதட்டை மூடிக்கொள்கிறார். அவ்வளவுதான். ஆனால் மூடும்போது இடது கன்னம் மட்டும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. இடது பக்கம் பின்பற்கள் இல்லாத வாய்தான் அப்படி ஒட்டும்.

அப்பாவுக்கு எழுபது தாண்டியும் ஒரு பல் ஆடவில்லை. இடது பக்கம் பல் இல்லாதது அம்மாவுக்கு. அம்மாவுக்குப் பல் செட் செய்து கொடுத்தவளே இவள்தான். கடைசி நாட்களில் ஈறு புண்ணாகிவிட்டதே என்று அதைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தவளும் இவள்தான்.

பக்கத்து இருக்கையில் தம்பி இருந்தான். அக்கா எதையோ கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்துவிட்டது போல, சட்டென்று திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டான்.

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. அந்த வாரமே அப்பா இந்தப் படத்தின் படப்பிடிப்புக்குக் கிளம்பிப் போனதும், அம்மா போன அன்றிலிருந்து அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் கால்ஷீட் முதல் கண்ணாடிக் கூடு வரை பார்த்துக்கொள்கிற தம்பிதான் நடுவில் கிடந்து அல்லாடினான். போன வாரம் கிளினிக்குக்கே வந்து, நோயாளி உட்காரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பத்திரிகைக்காரங்களுக்குப் போட்டுக் காட்டுறாங்கக்கா. நீ வரலேன்னா மனுஷன் உள்ளுக்குள்ளயே உடைஞ்சிடுவார்" என்று நச்சரித்தான். வாயைத் திறந்தால் பல்லைப் பிடுங்கிவிடுவேன் என்றாள். அப்படியும் வந்துவிட்டாள். காலையில் வரவேண்டிய நோயாளிகளை மதியத்துக்குத் தள்ளிவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமல் எழுந்து போய்விடலாம் என்பது அவள் கணக்கு.

கணக்கு தண்ணீர் ஸ்பூனிலேயே தப்பிவிட்டது.

அப்பா அப்படிச் செய்யக்கூடியவர்தான். அது அவளுக்குப் புதிதில்லை. ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் திரை இழுக்கச் சேர்ந்தவர் அவர். ஒருநாள் கதாநாயகனுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, திரையை விட்டுவிட்டு மேடைக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. அந்தக் கம்பெனியின் கதாநாயகிதான் அம்மா. மகள் பிறந்ததும் அம்மா மேடையை விட்டாள். அதற்கப்புறம் சாப்பாட்டு மேசைதான் அவளுக்கு மேடை. அப்பா வசனம் பழகும்போது எதிரே இருந்து ராஜாவாகவும் ராணியாகவும் கொலைகாரனாகவும் பேசியவள் அவள்தான்.

சினிமாவில் அப்பாவின் முதல் வேஷம் பிணம். பிணம் நன்றாக நடித்ததால் அடுத்த படத்தில் உயிரோடு ஒரு வேஷம் கொடுத்தார்கள் என்பது வீட்டில் ஓடும் ஜோக். பிறகு வில்லன், குடிகாரன், நீதிபதி, பெண்ணைப் பெற்றவர் என்று வேஷங்கள் வந்தன. விருதுகள் வந்தன. நடிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

உண்மையில் அவருக்குத் தொழில், பார்ப்பது. நடிப்பு அதற்கப்புறம்தான். பஸ்ஸில் தூங்கி விழுகிறவரைப் பார்ப்பார். ஊசியில் நூல் கோக்கும் தையல்காரரைப் பார்ப்பார். தன் அப்பா செத்த வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுத சித்தப்பாவை, சுவரோரம் நின்று கண் கொட்டாமல் பார்த்தவர். சின்ன வயதில் இவள் ஊஞ்சலிலிருந்து விழுந்து முன்பல் உடைந்தபோதும், ஓடி வந்தவர் தூக்குவதற்கு முன் ஒரு கணம் நின்று பார்த்தார். பிறகு ஒரு படத்தில், அடி வாங்கி விழுந்தவர் வாயைத் தொட்டு, கையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அழ ஆரம்பித்தார். அவள் அழுத மாதிரியே. "அப்பா முன்னாடி அழாதீங்க, படத்துல வந்துடும்" என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அதனால், அவ்வளவோடு போயிருந்தால், அம்மாவின் வாயையும் எடுத்துக்கொண்டாரா என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடுத்த காட்சிதான் அவளை உலுக்கிவிட்டது.

கிழவர் கண்ணைத் திறந்து, நாற்பது வயது மகனைப் பார்த்துக் கேட்கிறார். "நீ ஏன் இன்னும் ஸ்கூலுக்குப் போகல?"

"இன்னைக்கு லீவுப்பா."

"யார் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நான் சொன்னேனா? அப்பச் சரி. போய் விளையாடு."

அரங்கில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். சிரித்த கையோடு மூக்கை உறிஞ்சினார்கள். பல் டாக்டர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அது அம்மாவும் அவளும் பேசியது. மாடி அறையில், ஒரு மத்தியானம், இரண்டு பேர் மட்டும் இருந்தபோது பேசியது. அவள் யாரிடமும் சொன்னதில்லை. தம்பியிடம்கூட. அப்பா அன்று வெளியூர்ப் படப்பிடிப்பில் இருந்தார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அப்படியானால் அவர் வந்திருக்கிறார். கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். உள்ளே வராமல் கேட்டிருக்கிறார்.

படம் முடியும் இடம் வந்தது. கிழவர் சன்னல் பக்கம் திரும்புகிறார். முகம் மலர்கிறது. கையை லேசாகத் தூக்கி, பக்கத்து வீட்டுக்குப் போய் வருகிறவர் போல, "சரி, நான் வரேன்" என்கிறார். வெளிச்சம் மங்குகிறது.

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். அம்மா போன அந்தக் காலையில், தாடை வீங்கி வந்த ஒரு நோயாளிக்காக அவள் கிளினிக்குக்கு ஓடியிருந்தாள். திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. தூக்கத்திலேயே போயிட்டாங்க, கஷ்டமே இல்ல என்று நர்ஸ் சொன்னார். அதையே பிடித்துக்கொண்டு நாளை ஓட்டியிருந்தாள். மற்றதெல்லாம் அம்மாவிடமிருந்து எடுத்தது என்றால், இந்தச் சிரிப்பு? இந்த "நான் வரேன்"? அம்மா விழித்திருந்தாளா? சிரித்தாளா? யாரைப் பார்த்து?

வாசலில் தம்பிக்கு ஆள் மாற்றி ஆள் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் போய் அவன் முழங்கையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். இங்க வேணாம்க்கா, வீட்டுல பேசிக்கலாம் என்று அவன் கெஞ்சினான். ஒரே ஒரு கேள்விதான் என்றாள். அன்றைக்கு அப்பா எங்கே இருந்தார்?

தம்பி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"வீட்லதான்க்கா இருந்தார்."

மெல்ல மெல்லத்தான் சொன்னான். அன்று படப்பிடிப்பு ரத்தாகிவிட, அக்கா கிளம்பிய பிறகு அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறார். வந்ததும் மாடிக்குப் போயிருக்கிறார். சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று நர்ஸைக் கீழே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். திரும்ப வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்காவுக்குப் போன் பண்ணு, நான் வந்துட்டிருக்கேன்னு சொல்லு என்று இவனிடம் சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு தெரு முனைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாராம். நர்ஸிடமும் பேசி வைத்தாராம்.

அவள் அழுதுகொண்டு வாசலில் நின்றபோது அந்தக் கார் வந்தது நினைவிருக்கிறது. அப்பா இறங்கினார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். முகம் கோணியது. பிறகு செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தார். இப்பதான் நேரம் கிடைச்சதா உங்களுக்கு என்று அவள் கத்தியது அப்போதுதான். அதுதான் அவரிடம் கடைசியாகப் பேசியது.

அந்த ஓட்டமும் நடிப்பு. மனைவி செத்த வீட்டு வாசலில், பெற்ற மகள் முன்னால்.

"ஏன்டா?"

"நானும் கேட்டேன். எல்லாத்துக்கும் ஏன்னு கேக்காதடான்னுட்டார்."

அவனை அறையலாம் போல இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தால் அதற்கும் மனம் வரவில்லை. அப்பா எங்கே என்று மட்டும் கேட்டாள். ஒத்திகையில் என்றான். பல வருடத்துக்கப்புறம் மேடை ஏறப் போகிறார், படத்தைப் பார்க்கக்கூட வரவில்லை.

ஒத்திகை ஒரு பழைய கிடங்கின் மேல்மாடியில் நடந்தது. தரையில் வெள்ளை டேப் ஒட்டி, இது கதவு, இது படுக்கை, இது மாடிப்படி என்று கோடு போட்டிருந்தார்கள். சோபாவுக்குப் பதில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்பா டேப் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். கை காற்றில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கதவு கனமானது என்றும், கீழே கொஞ்சம் உரசும் என்றும் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தது. அவளைக் கண்டதும் கை அப்படியே நின்றது. யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு, டேப் சுவரைத் தாண்டி நேராக வந்தார்.

பக்கத்தில் உடை மாற்றும் அறை. ஒரு கண்ணாடி, இரண்டு ஸ்டூல். மேக்கப் இல்லாத முகம். இளைத்திருந்தார். அதைக் கவனித்துவிட்டதற்காக அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன்."

எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாலும் எப்படி இருந்தது என்று துளைத்து எடுப்பவர், இந்த முறை கேட்கவில்லை. அவளும் வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளைத் தேடினாள். அம்மா என்ன உங்களுக்கு வேஷமா என்று ஆரம்பிக்க நினைத்திருந்தாள். தெரு முனையில் கார், கதவோரத்தில் ஒளிந்து நின்றது, எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்ட நினைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"அம்மா சிரிச்சாங்களாப்பா?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். வெளியே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"தெரியலம்மா."

"நீங்க பக்கத்துல இருந்தீங்க. தம்பி சொல்லிட்டான்."

"இருந்தேன்." தலையை ஆட்டினார். "கையைப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன். எல்லாத்தையும் பார்த்தேன். மொத டேக்ல அவ எப்படிச் செஞ்சாளோ அப்படியே செஞ்சேன். டைரக்டர் இன்னொண்ணு கேட்டார். கொஞ்சம் மாத்திக் கொடுத்தேன். சிரிச்சா நல்லா இருக்கும்னார், சிரிச்சேன். கை தூக்குங்கன்னார், தூக்கினேன். அன்னைக்குப் பூரா எடுத்தாங்க."

"சரி, அது படம். நான் அம்மாவப் பத்திக் கேக்குறேன்."

"அதத்தான் சொல்றேன்." குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. அப்படி ஒரு குரலை அவள் அவரிடம் கேட்டதே இல்லை. "கண்ண மூடினா அவ வரமாட்டேங்குறா. நான்தான் வரேன். அந்தக் கட்டில்ல நான் படுத்துக்கிட்டிருக்கேன், மேல லைட்டு இருக்கு, காமிரா இருக்கு. அவ என்ன செஞ்சா, நான் என்ன செஞ்சேன்னு பிரிக்க முடியல. எட்டு மாசமாத் தேடிக்கிட்டிருக்கேன்."

அடிக்க வந்தவளுக்கு அடிக்க ஆள் இல்லாமல் போனது போல இருந்தது. பொய் சொல்கிறாரோ என்று ஒரு நினைப்பு ஓடியது. இவர் முகத்தை வைத்து எதைத்தான் நம்புவது? ஆனால் பொய் என்றால் இன்னும் அழகாகச் சொல்லியிருப்பார்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. முதல் டேக் என்றாரே. அதை அழிக்கவா செய்திருப்பார்கள்? அதில் அம்மா இருப்பாளே, எல்லாம் மாறுவதற்கு முன்னால் இருந்தபடி. அதை வாய்விட்டே கேட்டாள்.

அப்பா நிமிர்ந்தார். இந்த ஒரு முறை அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

"அத நீ பாக்க வேணாம்."

"ஏன்?"

வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். எழுந்து போனார். டேப் கோட்டைத் தாண்டுகிற வரை தளர்ந்துபோன கிழவராக நடந்தார். தாண்டியதும் முதுகு நிமிர்ந்தது, தோள் அகன்றது, வேறு ஆளாகிவிட்டார். அவள் அதையும் பார்த்துவிட்டுத்தான் படி இறங்கினாள்.

எடிட்டிங் அறையின் விலாசத்தைத் தம்பியிடம் வாங்கினாள். எதற்கு என்று கேட்டான். போனை வைத்துவிட்டாள். மதியத்து நோயாளிகளை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, நேரே அங்கே போனபோது நல்ல வெயில். உள்ளே நுழைந்ததும் ஏசி குளிர் எலும்பில் ஏறியது. சன்னல் இல்லாத சின்ன அறை. இரண்டு கம்ப்யூட்டர் திரைகள். எடிட்டர் நடுவயதுப் பெண். காலுறை போட்டு, கழுத்தில் சால்வை சுற்றியிருந்தார். இன்னார் என்று சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னதும் தயங்கினார்.

"இப்பதாங்க பெரியவர் போன் பண்ணினார். மொத டேக்க அழிச்சிடச் சொன்னார். இத்தன நாளா ஒண்ணும் சொல்லல, இன்னைக்கு என்னமோ."

அழித்துவிட்டீர்களா என்று கேட்டாள். எடிட்டர் இல்லை என்று தலையாட்டினார். ஒரு நல்ல நடிப்பை அழிக்கக் கை வரவில்லை என்றார். இப்போது இவளுக்குப் போட்டுக் காட்டுவது சரியா என்றும் தெரியவில்லை என்றார்.

"படத்துக்காகக் கேக்கல. அது எங்கம்மா," என்றாள் பல் டாக்டர்.

எடிட்டர் திரை பக்கம் திரும்பினார்.

கிளாப் கட்டை வந்து விலகியது. கட்டில். அப்பா. கன்னம் உள்ளே ஒட்டியது. கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தடவியது. போர்வை ஓரத்தைச் சின்னச் சின்ன மடிப்பாக மடித்தது. மூச்சு ஏறி, நின்று, எங்கோ போய், திரும்பி வந்தது. எந்த இடத்தில் அப்பா மறைந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. நரைத்த மீசையோடு, ஆண் சட்டையோடு, அங்கே கிடந்தது அம்மா.

அம்மா சன்னலைப் பார்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை. பக்கத்தில் இருந்தவனின் முகத்தைத்தான் பார்த்தாள். மகனாக நடித்த அந்த நடிகனை வெகுநேரம் பார்த்தாள். கண்ணில் எதையோ கண்டுபிடித்துவிட்ட தெளிவு வந்தது. பிறகு களைப்பு வந்தது. கையை அவன் பிடியிலிருந்து இழுத்துக்கொண்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினாள்.

"போதும். பாக்காதீங்க."

அதற்கப்புறம் மூச்சு திரும்பி வரவில்லை. மகனாக நடித்தவன் குழம்பிப்போய் காமிரா பக்கம் திரும்பினான். கட் என்று ஒரு குரல் கேட்டது. திரை கறுத்தது.

"அந்த 'ங்க'தாங்க பிரச்சினை," என்றார் எடிட்டர் மெதுவாக. "பெத்த மகனைப் போய் யாராவது 'பாக்காதீங்க'ன்னு சொல்வாங்களா? டைரக்டர் இன்னொண்ணு போலாம்னுட்டார். பெரியவர் எதுவுமே சொல்லல. ரொம்ப நேரம் சுவத்தப் பார்த்துக்கிட்டே படுத்திருந்தார்."

அம்மா கடைசியாகச் சொன்னது ஒன்றே ஒன்று, அதுவும் அப்பாவிடம். அதைக் கேட்ட பிறகும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மூச்சு நின்ற விதம் வரைக்கும் பார்த்திருக்கிறார். பார்த்ததால்தான் இதை இப்படிச் செய்ய முடிந்திருக்கிறது. தெரு முனையில் காரில் உட்கார்ந்திருந்த மனிதர், தான் என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாரா?

மேசை மேல் எடிட்டரின் போன் அதிர ஆரம்பித்தது. பெரியவர்தான். எடிட்டர் போனைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"அழிச்சாச்சான்னு கேப்பார். என்னங்க சொல்லட்டும்?"

அம்மாவின் வார்த்தை இன்னும் அந்த அறையில்தான் இருந்தது. அழித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் பல் டாக்டர் வாயைத் திறந்தாள்.

"போன எடுக்காதீங்க," என்றாள். "இன்னொரு தடவ போடுங்க."